உங்களுக்குத் தெரியுமா? மூச்சில் போகும் தூசு மூளையில் என்ன செய்கிறது?

புகை என்றதும் நமக்கு இருமலும் இழுப்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அதே புகையைப் பின்தொடர்ந்து மூளை வரை போயிருக்கிறார்கள். வயதானவர்களின் ஞாபகம், கவனம், மனநிலை மூன்றிலும் காற்றுக்குப் பங்கு இருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் அறுபது தாண்டியவர் இருந்தால் இந்தத் துணுக்குகள் அவருக்காக. இல்லையென்றால் நாளைய உங்களுக்காக.

1. முடியில் முப்பதில் ஒரு பங்கு
காற்றில் மிதக்கும் தூசில் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் உள்ளவற்றை ‘பி.எம். 2.5’ என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசு மூக்கிலும் சளியிலும் சிக்கி, தும்மலோடு வெளியே வந்துவிடும். இது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். டீசல், நிலக்கரி, விறகு, குப்பை, பட்டாசு என எதை எரித்தாலும் இது பிறக்கும்.

2. உள்ளே போக இரண்டு வழி
முதல் வழி இரத்தம். மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றும். அவை கிளப்பிவிடும் அழற்சியும் இரத்தத்தோடு மூளைக்குப் போகும். இரண்டாவது வழி மூக்கு. மணத்தை உணரும் நரம்பின் நுனிகள் மூக்கின் உச்சியில் காற்றில் படும்படி இருக்கின்றன. மறுமுனை நேராக மூளையில். மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பரண் இந்தக் குறுக்குப் பாதையில் கிடையாது.

3. மணம் தெரியவில்லையா?
ரசம் கொதிக்கும் மணம் பாட்டிக்குத் தெரியாமல் போவதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். அல்சைமர், பார்க்கின்சன் ஆகிய இரண்டு நோய்களிலும் மறதியும் நடுக்கமும் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பத் திறன் குறையத் தொடங்கலாம். சளி, மூக்கடைப்பு போன்ற காரணம் இல்லாமல் மணம் தெரியாமல் போனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

4. முதலில் சொன்னவை நாய்கள்
மெக்ஸிகோ நகரம் ஒரு காலத்தில் உலகின் மிக மோசமான காற்றுக்குப் பேர்போனது. அங்கே லிலியன் கால்டெரோன் கார்சிடுவேனாஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் நகரத்து நாய்களின் மூளையை, காற்று அவ்வளவு கெடாத த்லாஸ்கலா பகுதி நாய்களின் மூளையோடு ஒப்பிட்டார். 2002-ல் முடிவு வெளிவந்தது. நகரத்து நாய்களின் மூளையில் அழற்சியும், அல்சைமர் நோயாளிகளிடம் காணப்படும் வகைப் புரதப் படிவுகளும் இருந்தன. காற்றுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வுகளுக்கு இது பெரிய தூண்டுதலானது.

5. மூளைக்குள் இரும்பு உருண்டைகள்
இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்பரா மேஹரும் குழுவினரும், மெக்ஸிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் இறந்த 37 பேரின் மூளைத் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தை முதல் 92 வயது முதியவர் வரை அதில் உண்டு. திசுவுக்குள் மேக்னடைட் எனும் காந்த இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கிடந்தன. மூளை தானே இயற்கையாக உண்டாக்கும் மேக்னடைட் கோணங்கள் கொண்ட படிகமாக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை வழவழப்பான உருண்டைகள். இரும்பு கடும் சூட்டில் உருகித் துளியாக உறைந்தால்தான் அந்த வடிவம் வரும். வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் அதே உருண்டைகள் உண்டு. 2016-ல் வெளியான இந்த ஆய்வு, வெளிக்காற்றின் துகள் மனித மூளைக்குள் போய்ச் சேர்கிறது என்பதற்கு வலுவான சாட்சியம். அந்தத் துகள்தான் நோயைத் தந்தது என்று ஆய்வு சொல்லவில்லை.

6. பிரேக் பிடித்தாலும் தூசு
மின்சார வண்டி வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? புகைக்குழாயில் வருவது நிற்கும். ஆனால் பிரேக் தேயும்போதும் டயர் தேயும்போதும் சாலை தேயும்போதும் வரும் நுண்தூசு எல்லா வண்டிகளுக்கும் பொது. பிரேக் தேய்மானத்தில் மேக்னடைட்டும் உண்டு. சிக்னல் அருகே வீடு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இது.

7. பட்டியலில் ஏறியது 2020-ல்
தவிர்க்கக்கூடிய எந்தெந்தக் காரணங்கள் மறதிநோய்க்கு வழிவிடுகின்றன என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியல் போட்டு வருகிறது. 2020 பட்டியலில் காற்று மாசு புதிதாகச் சேர்ந்தது. 2024-ல் காரணங்கள் 14 ஆயின. காது கேளாமை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் இருக்கின்றன. இந்த 14-ஐயும் ஒழிக்க முடிந்தால், உலகின் மறதிநோயில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது குழுவின் கணக்கு.

8. மூன்று கோடிப் பேரின் கணக்கு
2025-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 51 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டினார்கள். அவற்றில் இடம்பெற்றவர்கள் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர். நீண்டகாலமாகச் சுவாசிக்கும் காற்றில் பி.எம். 2.5 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், மறதிநோய் வரும் ஆபத்து 17 சதவீதம் கூடுகிறது. கரித்தூள் ஒரே ஒரு மைக்ரோகிராம் கூடினால் 13 சதவீதம். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு 10 மைக்ரோகிராம் கூடினால் 3 சதவீதம்.

9. பதினேழு சதவீதம் என்றால்?
நூறு பேரில் பதினேழு பேருக்குப் புதிதாக நோய் வரும் என்று பொருள் இல்லை. உதாரணத்துக்கு, நூறு முதியவர்களில் 7 பேருக்கு வரக்கூடிய நோய் 8 பேருக்கு வரும். தனி ஒருவருக்கு இது சின்ன மாற்றம்தான். ஆனால் இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அறுபது தாண்டிய எல்லோரிலும் நூற்றுக்கு ஒருவர் கூடினாலே லட்சக்கணக்கில் வரும்.

10. ஐம்பது மீட்டர் தூரம்
கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 65 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முகவரியையும் மருத்துவப் பதிவையும் பத்தாண்டுக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு மறதிநோய் ஆபத்து 7 சதவீதம் அதிகம். 50 முதல் 100 மீட்டரில் 4 சதவீதம். 100 முதல் 200 மீட்டரில் 2 சதவீதம். இருநூறு தாண்டினால் வேறுபாடு இல்லை. பெற்றோருக்கு வீடு பார்க்கும்போது ‘மெயின் ரோட்டுலயே இருக்கு, பஸ் வசதி’ என்று மகிழ்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

11. அதே நடை, வேறு தெரு
லண்டனில் அறுபது வயது தாண்டிய 119 பேரை இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இரண்டு இடங்களில் தலா இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். ஒன்று ஹைட் பார்க், மரங்களும் புல்வெளியும். மற்றொன்று ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட். டீசல் பஸ்களும் டாக்ஸிகளும் வரிசைகட்டி நிற்கும் கடைத்தெரு. பூங்காவில் நடந்தபின் நுரையீரல் நன்றாக விரிந்தது, இரத்தக்குழாய்கள் இளகின. நுரையீரலுக்குக் கிடைத்த நன்மை மறுநாள் வரை நீடித்தது. கடைத்தெருவில் நடந்தவர்களுக்கு அந்த நன்மை பெருமளவு கிடைக்காமலே போனது. இதயநோய் உள்ளவர்களிடமும், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களிடமும் இதே கதைதான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் இறுகக்கூடியவைதான். எத்தனை நடை நடந்தோம் என்பதோடு எங்கே நடந்தோம் என்பதும் கணக்கில் வரும்.

12. முதியவர்களுக்கு ஏன் அதிகம்?
தூசை வெளியே தள்ளும் மூச்சுக்குழாய் நுண்முடிகள் வயதாக ஆகச் சோம்பிவிடும். மூளையின் இரத்தத் தடுப்பரண் லேசாகக் கசியும். மூளையின் காவல் செல்கள் சின்னத் தூண்டலுக்கே பெரிதாகக் கொதித்து எழும். போதாக்குறைக்கு, வாழ்நாள் முழுக்க இழுத்த புகை ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. ஓய்வு பெற்றபின் நாள் முழுக்க ஒரே வீட்டில் இருப்பதால், அந்த வீட்டின் காற்று எப்படியோ அப்படியே அவர்கள் மூச்சும்.

13. மரபணுவும் புகையும் கூட்டணி
அமெரிக்காவில் 65 முதல் 79 வயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. அந்நாட்டுத் தர அளவைத் தாண்டிய பி.எம். 2.5 உள்ள இடங்களில் வசித்தவர்களுக்கு மறதிநோய் ஆபத்து 92 சதவீதம் அதிகமாக இருந்தது. அல்சைமருக்கு வழிவிடும் ‘அப்போஇ-4’ மரபணு இருந்தவர்களிடம் பாதிப்பு இன்னும் கூடுதல். மரபணுவை மாற்ற வழியில்லை. காற்றை மாற்றலாம்.

14. பத்து மாதம் தூசு சுவாசித்த எலி
இல்லாத பொருட்களை இருப்பதாகக் காட்டும், நடையைத் தடுமாறவைக்கும் ‘லூயி பாடி’ என்றொரு மறதிநோய் உண்டு. 2025 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. பத்து மாதம் பி.எம். 2.5 செலுத்தப்பட்ட எலிகளின் மூளை சுருங்கியது, ஞாபகம் குறைந்தது. இந்த நோய்க்குக் காரணமான ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதமே இல்லாதபடி வளர்த்த எலிகளுக்கு அந்தச் சேதம் வரவில்லை. புகை எந்தக் கதவு வழியாக வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு துப்பு.

15. பக்கவாதத்திலும் பங்கு
மூளை உறைக்கடியில் இரத்தம் கசியும் பக்கவாத வகை ஒன்று உண்டு. அதனால் ஏற்படும் மரணம், ஊனம் இவற்றில் 14 சதவீதத்துக்கு நுண்துகள் மாசு காரணம் என்று 2024-ல் வெளியான உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. சிகரெட்டின் பங்கும் ஏறக்குறைய அதுவே.

16. ஒரு மாதக் காற்றும் போதும்
பாதிப்புக்கு இருபது ஆண்டு ஆக வேண்டியதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் சராசரி வயது 69 ஆன 954 ஆண்களுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். தேர்வுக்கு முந்தைய நான்கு வாரங்களில் காற்று கெட்டிருந்தால் மதிப்பெண்ணும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய வரம்புக்குள் இருந்த காற்றிலும் இது தெரிந்தது. ஆஸ்பிரின் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரை எடுத்துவந்தவர்களிடம் சரிவு குறைவு. இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். முதியவர்களுக்கு ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

17. ஒரு மணி நேர மெழுகுவர்த்திப் புகை
பர்மிங்ஹாம், மான்செஸ்டர் பல்கலைக்கழகங்கள் 26 பேரை ஒரு மணி நேரம் மெழுகுவர்த்திப் புகையிலும், இன்னொரு நாள் சுத்தமான காற்றிலும் உட்காரவைத்தன. நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது, புகை நாளில் கவனம் சிதறியது. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதும் சறுக்கியது. வாய் வழியாக மூச்சு விட்டாலும் மூக்கு வழியாக விட்டாலும் ஒன்றுதான். முடிவு 2025-ல் வெளியானது.

18. தூசு கூடினால் காய் தவறும்
ஜெர்மனியில் சதுரங்கப் போட்டி நடந்த அரங்குகளில் காற்றை அளந்து, ஆட்டக்காரர்களின் நகர்த்தல்களைக் கணினியிடம் கொடுத்துத் தவறுகளை எண்ணினார்கள். பி.எம். 2.5 கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடியபோது, பெரிய தவறு செய்யும் வாய்ப்பு 2.1 சதவீதப் புள்ளி கூடியது. கடிகாரம் நெருக்கும்போது இன்னும் அதிகம். புகை முதியவர்களை மட்டும் பார்த்து வருவதில்லை.

19. மனச்சோர்வும் காற்றும்
அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் இருந்த ஏறக்குறைய 89 லட்சம் பேரின் பதிவுகளை அலசிய 2023 ஆய்வில், மாசு அதிகமான இடங்களில் முதுமையில் புதிதாக மனச்சோர்வு வருவதும் அதிகமாக இருந்தது. ‘அப்பா யாரோடும் பேசுறதில்ல’ என்பதற்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். காற்று அவற்றில் ஒன்று.

20. காட்டுத்தீயின் கை ஓங்கும்
தெற்குக் கலிபோர்னியாவில் அறுபது தாண்டிய சுமார் 12 லட்சம் பேரை 2008 முதல் 2019 வரை தொடர்ந்தார்கள். மூன்றாண்டுச் சராசரியில் காட்டுத்தீப் புகைத் துகள் ஒரு மைக்ரோகிராம் கூடினாலே மறதிநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடியது. மற்ற வழிகளில் வந்த துகளுக்கு அந்த அளவு வேகம் இல்லை. எல்லாத் தூசும் ஒரே தூசு என்று நினைப்பது சரியில்லை என்பதை இது காட்டியது.

21. கட்டிலுக்கடியில் எரியும் சுருள்
தாத்தாவின் கட்டிலுக்கடியில் தகரத்தட்டில் கொசுவர்த்திச் சுருள். குளிர் ஆகாது என்று ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. விடியும்போது தட்டில் சாம்பல் வளையம் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் அறைக் காற்றில். சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரே சுருள் எரிந்து முடியும்போது வரும் பி.எம். 2.5-ன் அளவு 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்றது. வாழ்நாளில் பீடி தொடாதவர்களும் இரவெல்லாம் இதை இழுக்கிறார்கள். கொசுவும் ஆபத்துதான், மறுக்கவில்லை. அதற்குக் கொசுவலை இருக்கிறது, ஜன்னலுக்கு வலையடிக்கலாம், தேங்கிய தண்ணீரைக் கொட்டலாம். இந்த மூன்றிலும் புகை இல்லை.

22. ஊதுவத்திக்கும் கணக்கு உண்டு
ஹாங்காங்கில் வீட்டில் ஊதுவத்தி ஏற்றும் பழக்கமுள்ள முதியவர்களை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஏற்றாதவர்களைவிட அவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பும் தளர்ந்திருந்தது. ஆய்வு வெளியான ஆண்டு 2020. சாமி கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கட்டுக்குப் பதில் ஒரு குச்சி. ஏற்றும்போது ஜன்னல் திறப்பு. சாம்பிராணி காட்டி முடித்ததும் தூபக்கால் வாசலுக்கு. பூசையும் நடக்கும், மூச்சும் பிழைக்கும்.

23. ஊதாங்குழலும் பாட்டியும்
உலகில் சுமார் 210 கோடிப் பேர் இன்னமும் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் கொண்டே சமைக்கிறார்கள். ஈர விறகு புகைய, குனிந்து ஊதாங்குழலில் ஊதும் பெண்ணின் முகம் புகையிலிருந்து ஒரு முழ தூரத்தில்தான் இருக்கிறது. இந்திய முதியோரை நாடளவில் ஆராய்ந்த தரவுகளில், விறகடுப்பு வீடுகளில் வாழும் முதியவர்கள் ஞாபகச் சோதனைகளில் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். காஸ் இணைப்பு இருந்தும் வெந்நீர் மட்டும் விறகில் போடும் வீடுகள் ஏராளம். அந்த வெந்நீர் அடுப்பை முற்றத்துக்கு நகர்த்தினாலே பெரிய லாபம்.

24. எலும்பில் ஒளிந்த பெட்ரோல்
இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 வரை விற்பனையில் இருந்தது. உலகில் கடைசியாக அதை நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். ‘அது முடிஞ்ச கதை’ என்று நினைக்காதீர்கள். உடலுக்குள் போன ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பு சேமித்துவைக்கும். பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். மாதவிடாய் நின்றபின்னும் முதுமையிலும் எலும்பு தேயும்போது அந்தப் பழைய ஈயம் மறுபடி ரத்தத்தில் கலக்கும். எலும்பில் ஈயம் அதிகமுள்ள முதியவர்களுக்கு அறிவுத்திறன் வேகமாகச் சரிவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 1980-களில் பேருந்து நிலையங்களில் வேலை பார்த்தவர்களின் எலும்பில் அன்றைய புகை இன்றும் இருக்கக்கூடும். எலும்பைத் தேயாமல் காப்பது மூளைக்கும் நல்லது.

25. ஹாரனும் குற்றவாளி
சாலையோரத்தில் புகை தனியாக வருவதில்லை, கூடவே சத்தம். டென்மார்க்கில் அறுபது தாண்டிய 20 லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வு, சாலை இரைச்சலும் ரயில் இரைச்சலும் அதிகமான வீடுகளில் மறதிநோய் அதிகம் என்று 2021-ல் சொன்னது. இரவுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மூளை தன் கழிவுகளை அகற்றும் வேலையும் கெடும்.

26. கருவிலேயே தொடங்கும் கணக்கு
ஸ்காட்லாந்தில் 1936-ல் பிறந்த குழந்தைகளுக்கு 1947-ல், பதினொரு வயதில், நாடு முழுக்க அறிவுத்தேர்வு வைத்தார்கள். அந்த விடைத்தாள்கள் பத்திரமாக இருந்தன. எழுபது வயதில் அவர்களில் பலரைத் தேடிப்பிடித்து அதே தேர்வை மறுபடி எழுதவைத்தார்கள். பிறப்பதற்கு முன்பே அதிக மாசில் இருந்தவர்களின் அறிவுத்திறன், பதினொன்றுக்கும் எழுபதுக்கும் இடையில் சற்றே கூடுதலாகச் சரிந்திருந்தது. வேறுபாடு சிறியதுதான். ஆனாலும் முதுமையின் மூளைக்கான அக்கறை கர்ப்பிணியின் அறையிலேயே தொடங்க வேண்டும்.

27. ‘திருப்தி’ என்றால் திருப்திப்படலாமா?
உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பி.எம். 2.5-க்கான ஆண்டு வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இந்தியத் தரம் 40. ஒரு நாள் சராசரிக்கு அவர்கள் சொல்வது 15. நாம் வைத்திருப்பது 60. நம் காற்றுத் தரக் குறியீட்டில் 51 முதல் 100 வரை ‘திருப்தி’ என்று வெளிர்பச்சை காட்டும். அந்தப் பச்சையின் மேல் விளிம்பில் இருக்கும் காற்று உலக வரம்பைப்போல் நான்கு மடங்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் உங்கள் ஊர் நிலவரம் பார்க்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், பி.எம். 2.5 எண்ணையும் பாருங்கள்.

28. மார்கழி விடியற்காலை நடை
அதிகாலைக் காற்று சுத்தம் என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. பனிக்காலத்தில் இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையையொட்டிய குளிர்காற்றுக்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டு உட்காரும். இரவெல்லாம் வந்த புகை மேலே போக வழியின்றித் தேங்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் அது கலையும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் நகரத்து முதியவர்கள் ஐந்து மணிக்கு மெயின் ரோட்டில் நடப்பதைவிட, எட்டு மணிக்கு மேல் உள்தெருவிலோ பூங்காவிலோ நடக்கலாம். நடையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். அதுவும் மூளைக்கு மருந்துதான்.

29. கைக்குட்டை காப்பாற்றாது
துண்டும் கைக்குட்டையும் பெரிய புழுதியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 முகக்கவசம் 95 சதவீதத் துகளைப் பிடிக்கும். மூக்கோரம் இடைவெளி விட்டால் பயன் போயிற்று. மூச்சிரைப்பு, இதயநோய் உள்ள முதியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு அணிவது நல்லது.

30. மணி பிளாண்ட் போதுமா?
வீட்டுச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்த சோதனை. அளந்ததும் வாயுக்களை, தூசை அல்ல. 2019-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டவர்கள், ஜன்னல் திறப்பதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்றார்கள். அழகுக்கு வையுங்கள். தூசுக்கு ‘ஹெபா’ வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான்தான் வேலை செய்யும், அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும்.

31. போகி தரும் பாடம்
2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானிக்கே கண் தெரியாத காற்றை அன்று காலை ஊரே சுவாசித்தது. பழைய பாயும் முறமும் எரிந்த காலம் வேறு. இன்று எரிவது டயரும் பிளாஸ்டிக்கும். தீபாவளிப் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தமிழக அரசு நேரம் ஒதுக்கியிருப்பதும் இதே காரணத்தால்தான். அந்த இரண்டு நாளும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஜன்னல் சாத்திய அறை ஒன்றை ஒதுக்குங்கள்.

32. காற்று தேறினால் மூளையும் தேறுமா?
நல்ல செய்தியும் உண்டு. சீனா 2013-ல் கடுமையான காற்றுச் சுத்தத் திட்டத்தைத் தொடங்கியது. எந்த மாவட்டங்களில் கெடுபிடி அதிகமோ, அங்கே 65 தாண்டியவர்களின் அறிவுத்திறன் சரிவு மெதுவானது. அமெரிக்காவிலும் பத்தாண்டில் காற்று நன்றாகத் தேறிய இடங்களில் வசித்த மூதாட்டிகளுக்கு மறதிநோய் ஆபத்து குறைந்ததாக 2022-ல் முடிவு வந்தது. எழுபது வயதுக்குமேல் காற்று மாறினாலும் பலன் கிடைக்கிறது.

33. இதெல்லாம் தெரிந்தால் மருத்துவரிடம்
சாவியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் உண்டு. பழகிய தெருவில் வழி தவறுவது, பத்து நிமிடத்தில் அதே கேள்வியை நாலு முறை கேட்பது, சில்லறைக் கணக்கில் திணறுவது ஆகியவை வேறு. எல்லா மறதியும் தீராத நோய் அல்ல. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் என சரிசெய்யக்கூடிய காரணங்களும் மறதியைத் தரும். சோதித்தால்தான் தெரியும்.

34. ஓர் ஆண்டில் ஆறே கால் லட்சம்
2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 லட்சத்து 26 ஆயிரம் மறதிநோய் மரணங்களுக்குக் காற்று மாசு காரணமாக இருந்தது என்கிறது 2025-ல் வெளியான உலகக் காற்று நிலை அறிக்கை. ஊர்க்காற்றை ஒருவரால் மாற்ற முடியாது. அதற்கு அரசும் ஆலையும் போக்குவரத்தும் மாற வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம். வீட்டுக்காற்று அப்படியில்லை. இன்று ராத்திரி பெரியவர்கள் படுக்கும் அறைக்குள் போய் எது புகைகிறது என்று பாருங்கள். சுருளோ, வத்தியோ, பக்கத்து மனைக் குப்பையோ, எதுவானாலும் அதை முதலில் அணையுங்கள்.